வலப்பக்கம் நின்றவன்

பிளேன்ரீயில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது ஐயா, பரவாயில்லை, குடிக்கிறேன். போன இடத்தில் தருவதைக் குறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

கந்தப்போடி அண்ணன் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை மறுபடியும் தம்பிலுவிலிலிருந்து அலைக்கழிக்க வேண்டாம். எனக்கு விசகடி வைத்தியம் பழக்கியவர் அவர்தான், பொய் சொல்லத் தெரியாத மனிதர். போன வருசம் எங்கள் முத்தலிப் போடியார் பாம்பு கடித்து மௌத்தானபோது மரண விசாரணைக்கு நீங்கள்தான் வந்தீர்கள். பரிசாரி மீராலெவ்வை சேதி சொல்ல வந்தவனிடம் குறி பார்த்தார், குறி பிழை என்றார், ஆகவே வைத்தியம் செய்யவில்லை என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அதில் மீராலெவ்வையாகிய நான் குறி பார்த்தது உண்மை. மிச்சத்தைச் சொல்ல வேண்டுமானால் உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். ஒரு பரிசாரிக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். என் பெண்சாதி கமீலாவும் கலியாணம் முடித்த நாளிலிருந்து அதற்குத்தான் சிரித்தாள்.

எங்கள் பிறைக்கொடிக் கழகம் கரையோர லீக்கில் மேல் பிரிவில் விளையாடுகிறது. வருச முடிவில் கடைசியில் கிடக்கும் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கிய கழகம் ஏறி வந்ததாக இதுவரை சரித்திரம் இல்லை. எங்கள் ஊர்ச் சனத்துக்குக் கடலும் வயலும் போக மிச்சமிருந்த சந்தோசம் இது ஒன்றுதான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் மைதான ஓரத்து மணலில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. ஆட்ட நாளில் யாரையும் பாம்பு தீண்டிவிடக் கூடாதென்று நான் துஆக் கேட்டிருக்கிறேன். அது கடிபடுகிறவனுக்காக மட்டும் கேட்டதல்ல.

கழகத்து மெனேஜர், ஊரிலேயே பெரிய வயற்காரரான முத்தலிப் போடியார். நல்ல மனிதர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மைதானம் அவருடைய தென்னந்தோட்டத்து முன்பக்கம். பந்து அவருடையது, கோல் மரம் அவர் தோட்டத்தில் வெட்டியது, வெளியூர் ஆட்டத்துக்குப் பெடியன்களை ஏற்றிப் போகிற லொறியும் அவருடையது. ஆட்டம் பார்க்கிற எங்களில் பாதிப் பேர் அவருடைய வயலில் வேலை செய்கிறவர்கள். அப்படிப்பட்டவரை விலகச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அவரிடம் இருந்த கோளாறு ஒன்றே ஒன்று. உங்கள் கோயில்களிலும் குடி வழக்கம் உண்டு, ஆகவே உங்களுக்கு இது புதிதல்ல. எங்களில் ஒவ்வொருவரும் தாய் வழியில் ஒரு குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்கார் இருப்பார், கந்தூரிச் சோறும் குடி பார்த்துத்தான் பங்கு. போடியார் பந்தையும் கந்தூரிச் சோறு மாதிரியே பங்கிட்டார். குடிக்கு ஓர் ஆள், பெரிய குடிக்கு இரண்டு ஆள். சீனிமுகம்மது என்று ஒரு பெடியன், அவனுடைய குடியில் விளையாடுகிற வயதில் இருந்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு ஓடவும் வராது, உதைக்கவும் வராது. ஆகவே கோலில் நிறுத்தினார்கள். கோல் காக்க உண்மையிலேயே தெரிந்த ஒருவன் ஊரில் இருந்தான், பஸ் கொண்டக்டர். அவனுடைய குடிக்கு ஏற்கெனவே இரண்டு ஆள் ஆகிவிட்டபடியால், அவன் என் பக்கத்தில் மணலில் குந்திக்கொண்டு, சீனிமுகம்மது விடும் கோல்களை எண்ணிக்கொண்டிருப்பான்.

போன வருசக் கடைசி ஆட்டம் பாண்டிருப்புக் கழகத்தோடு. வென்றால்தான் தப்பலாம் என்ற நிலை. நாங்கள் ஒரு கோல் முன்னால் நின்றோம். முடிகிற நேரத்தில் பந்து ஒன்று தவழ்ந்து வந்தது ஐயா, குழந்தை உருட்டிவிட்டது போல வந்தது. சீனிமுகம்மது குனிந்தான். பந்து அவன் காலிரண்டுக்கும் நடுவால் போய்விட்டது. ஆட்டம் சமன். இறங்கிவிட்டோம் என்று மணலில் இருந்தபடியே தலையில் கைவைத்தோம். பிறகுதான் ஒருவன் சைக்கிளில் வந்து, சாய்ந்தமருதில் நடந்த ஆட்டத்தில் எங்களுக்குக் கீழே இருந்த கழகம் தோற்றுப்போனது என்று சொன்னான். மற்றவனின் தோல்வியில் தப்பியிருந்தோம். வளர்ந்த ஆம்பிளைகள் அழுதார்கள், நானும் அழுதேன். அது சந்தோச அழுகை அல்ல. இனி வருசா வருசம் இப்படித்தான் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாங்கள் சிலர் போடியார் வீட்டுக்குப் போனோம். கதைக்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். குடியை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்த்து ஆளைப் போடுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். என்னை அண்ணனாக வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிறவர் அவர். பிளேன்ரீயும் விசுக்கோத்தும் தந்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“தப்பிட்டமெல்லோ காக்கா, அல்லாட காவல்,” என்றார். “வாற வருசமும் இந்தப் பதினொண்டுதான். ஒரு குடிய விட்டுட்டு நான் ஊருக்குள்ள எப்பிடி முழிக்கிற?”

வெளியே வந்து சைக்கிள்களை எடுத்தோம். பள்ளி மரைக்கார்மாரிடம் போய்ச் சொன்னோம். பந்துக்கும் பள்ளிக்கும் என்ன என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கல்லோயா அணைத் தண்ணீர் வந்ததிலிருந்து இங்கே சிறுபோகமும் செய்கிறார்கள் அல்லவா, அந்த நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு பகல் நான் சாப்பிட இருந்த நேரம் சீனிமுகம்மது வந்தான். வயலிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி வந்திருக்கிறான்.

விசகடிப் பரிசாரியிடம் வருகிறவன் எடுத்தவுடன் வாய் திறக்கக் கூடாது. அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், கையில் என்ன வைத்திருக்கிறான், எதைத் தொடுகிறான் என்று பரிசாரி முதலில் பார்க்க வேண்டும். இடப்பக்கம் நின்றால் பிழை, கயிறோ கம்போ கையிலிருந்தால் பிழை. தலையில் கைவைத்தால் பிழை, கால்விரலால் நிலத்தைக் கீறினால் பிழை. குறி பிழைத்தால் மருந்து ஏறாது, பரிசாரி எழும்பிப் போகவும் கூடாது. குறி சரியென்றால் வாய்க்குள் சோறு இருந்தாலும் துப்பிவிட்டுப் போக வேண்டும். இவன் வெறுங்கையோடு வந்தான். எனக்கு வலப்பக்கமாக நின்றான். கை இரண்டையும் தொங்கவிட்டு, அழாமல், ஆடாமல் நின்றான். கோலுக்குள் ஒருநாளும் சரியான இடத்தில் நிற்காதவன், அன்றைக்கு நிற்க வேண்டிய இடத்தில் நின்றான். அதைவிட நல்ல குறியை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.

யாருக்கு என்று கேட்டேன்.

“போடியாருக்கு. வெட்டி அடுக்கின கதிர்ச் சூட்டுக்குள்ள கைய வெச்சாரு, புடையன் கடிச்சிட்டு. கெதியா வாங்க பரிசாரியார்.”

மருந்துப் பெட்டி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் முன்பே யோசித்து வைத்திருந்தேன் என்று எழுதினால் அது பிழை. போடியார் என்ற சொல்லைக் கேட்டதும் ‘வாற வருசமும் இந்தப் பதினொண்டுதான்’ என்பது காதுக்குள் கேட்டது. பிறகு என் வாய் தானாகக் கதைத்தது.

“குறி பிழை தம்பி. நான் வந்தும் பிரயோசனமில்ல. யாசீன் ஓதச் செல்லு.”

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் கைகளைப் பார்த்தான், தான் நின்ற இடத்தைப் பார்த்தான். திரும்பி ஓடினான்.

நான் சோற்றில் கைவைத்தேன். கமீலா மீன் ஆணத்தை ஊற்றாமல் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை வருசமாக நான் குறி பார்ப்பதைப் பார்த்தவள் அவள்.

“அவன் வலப்பக்கந்தானே நிண்டான்?” என்று கேட்டாள்.

ஆணத்தை ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து எதற்கும் சிரித்ததில்லை.

நான் போடியார் மேல் கைவைக்கவில்லை ஐயா, பாம்பைக் கொண்டுபோய் விடவுமில்லை. ஒரு பெட்டியை எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் பரிசாரி குறி பிழை என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக மாட்டார்கள். வழியில் போவதைவிட வீட்டில் கலிமாவோடு போகட்டும் என்று கிப்லாப் பக்கம் முகம் வைத்துக் கிடத்திவிடுவார்கள். போடியாரின் கார் முற்றத்திலேயே நின்றது. அவர்கள் அதை எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அஸருக்குப் பிறகு நானும் போனேன். போகாமல் இருப்பது முறையல்ல. முற்றம் நிறைய ஆட்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். கை தோள்வரை வீங்கி, பல் முரசில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. என்னைக் கண்டதும் கிட்ட வரச் சொன்னார். ஊரார் எல்லாரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டு முடித்திருந்தார், என்னிடமும் கேட்டார். பொறுத்தேன் என்றேன். பிறகு தணிந்த குரலில் கதைத்தார்.

“நீங்க செல்லினத்த யோசிச்சன் காக்கா. வாற வருசம் குடி பாக்கிறல்ல எண்டு முடிவெடுத்திட்டன். சீனிமுகம்மதுக்கும் காலையிலதான் செல்லின, இனி உன்ன எடுக்கிறல்ல எண்டு. சரி போடியார் எண்டான், பாவம். இனி நீங்கதான் கழகத்தப் பாக்கணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “குறி மெய்யாலும் பிழதானா காக்கா?”

அப்போதும் நேரம் இருந்தது. புடையன் விசம் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் ஆளைக் கொல்லும். அதைவிட மோசமாகக் கிடந்தவர்களை நான் எழுப்பியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் மருந்தோடு திரும்பி வந்திருக்கலாம், அல்லது காரை எடுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் வெளியே ஊரே இருந்தது. பகல் பிழை என்ற குறி பின்னேரம் எப்படிச் சரியாகும் என்று கேட்பார்களா இல்லையா? பரிசாரியின் சொல்லில் நம்பிக்கை போய்விட்டால் நாளைக்குக் கடிபடுகிறவன் என்னிடம் வரமாட்டான். அவனுடைய உயிரையும் நான் பார்க்க வேண்டுமே.

ஓம், பிழைதான் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தி மஃரிப் பாங்குக்கு முன் முடிந்துவிட்டது. மையித்தைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். அழுகை வந்தது. அது நடிப்பல்ல, அதை நம்புங்கள்.

சீனிமுகம்மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் அவனை விடவில்லை. இவன் நின்ற இடமெல்லாம் பிழைதான், கோலுக்குள்ளும் பிழை, பரிசாரி வாசலிலும் பிழை என்று முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். தன்னால்தான் போடியார் போனார் என்று அவனும் நம்பினான். வயலுக்குப் போவதை விட்டான், மெலிந்து எலும்பாகிவிட்டான். போடியார் தன்னை விலக்கிய அதே நாளில் அவருக்காக அந்தத் தூரம் ஓடி வந்தவன் என்பது ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லலாமென்று பலமுறை நினைத்தேன். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். கடைசியில் அவன் தம்பிலுவிலுக்குப் போய், தான் எப்படி நின்றிருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று கந்தப்போடி அண்ணனிடம் கேட்டிருக்கிறான். எப்படி நின்றாய் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதனால்தான் நானும் நீங்களும் இப்போது பிளேன்ரீ குடிக்கிறோம்.

எழுதிக்கொள்ளுங்கள். குறி சரியாக இருந்தது. நான் பொய் சொன்னேன். காப்பாற்றியிருக்கக்கூடிய ஆளை இரண்டு முறை சாக விட்டேன். எனக்காகச் செய்ததல்ல, கழகத்துக்காகச் செய்தது.

கையொப்பம் வைக்கிறேன். ஆனால் ஐயா, இந்த வெள்ளிக்கிழமை புது வருசத்து முதல் ஆட்டம். போடியார் கேட்டபடி கழகம் இப்போது என் பொறுப்பில். கொண்டக்டரைக் கோலில் போடத்தான் எண்ணியிருந்தேன். நேற்று மரைக்கார்மார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள், மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஒரு குடியை விட்டுவிட்டு நானும் ஊருக்குள் எப்படி முழிப்பது? ஆகவே அதே பதினொரு பேர்தான். கோலில் சீனிமுகம்மது. சாட்சிக்கு அவனைக் கூப்பிடுவதானால் ஜும்ஆவுக்கு முன் விட்டுவிடுங்கள், அவனுடைய குடிக்கு வேறு ஆள் இல்லை.

முத்தலிப் போடியார் உயிரோடு இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.