நடுவுல ஒரு வெட்டு

சார்ஜ் எல்லாம் நல்லாத்தான் ஏறுது தம்பி. சூடாகுதுன்னு நான் சொன்னது சும்மா. பேச்சும் கேக்குது, படமும் தெரியுது, ஒரு குறையும் இல்ல. நீங்களும் இவ்வளவு நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டீங்க, இனியும் பொய் சொல்லி உங்க பொழப்பக் கெடுக்க வேணாம். ரிப்பேர் எதுவும் இல்ல. எனக்கு இதோட பின்பக்க மூடியக் கழட்டணும், உள்ள ஒரு எடத்தப் பாக்கணும். பாத்ததும் திரும்ப மூடிடலாம்.

ஐயோ, அப்படிப் பாக்காதீங்க. திருட்டு போன் இல்ல. இதோ டப்பா, இதோ கடை பில்லு, எல்லாம் பையிலயேதான் வெச்சிருக்கேன். இதுக்கு முன்னாடி போன கடைக்காரரும் இப்படித்தான் ஏற எறங்கப் பாத்தாரு. அதுக்கும் முன்னாடி ஒருத்தர், தொறந்தா வாரண்டி போயிடும், ஆள விடுங்கம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. வாரண்டி போனாப் போகட்டும் தம்பி. நான் இத வாங்கினதே தொறந்து பாக்கத்தான்.

தொறக்கறீங்களா? நீங்க நல்லா இருக்கணும். மெதுவாவே செய்ங்க, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. நானும் கையால வேலை செய்யறவதான், டெய்லர். வேலை செய்யறவங்க முன்னாடி தலைய நீட்டிக்கிட்டு நின்னா எவ்வளவு எரிச்சல் வரும்னு தெரியும். இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறேன். ஆனா வாய் மட்டும் சும்மா இருக்காது, அதப் பொறுத்துக்கோங்க.

என்னத்தப் பாக்கணுமா? ஒரு வெட்டு. அடிப்பக்கத்துல ரெண்டு ஆண்டெனா இருக்குமில்ல, அதுக்கு நடுவுல. உங்களுக்குத் தெரியாததா. எனக்கு எப்படித் தெரியும்னா, எம் பொண்ணுக்கு அதான் வேலை. போன் செய்யற கம்பெனில ஆண்டெனா பிரிவு. வேலைக்குச் சேந்த புதுசுல, பழைய ரேடியோல நீட்டிக்கிட்டு நிக்குமே அதாடின்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அது இல்லம்மா, இப்பல்லாம் நகத்தளவு தகடுதான்னு சொன்னா.

சரி, அந்த நகத்தளவு தகட்டுல என்னடி இவ்வளவு பெரிய வேலைன்னு கேட்டேன். நெட்டு வேகமா போகணும்னா ஒரு ஆண்டெனா பத்தாதாம், ரெண்டு வேணுமாம். ஆனா போன் என்னவோ உள்ளங்கையளவு. ரெண்டையும் கிட்டக் கிட்ட வெச்சா, ஒண்ணு வெளிய அனுப்பறத பக்கத்துல இருக்கறது முழுங்கிடுமாம். இது பேச அது முழுங்க, அது பேச இது முழுங்க, வெளிய போய்ச் சேர வேண்டியது பாதி வழியிலயே காலி. அந்த முழுங்கறதக் குறைக்கறதுதான் அவ வேலை. அதுக்கு மாசாமாசம் சம்பளம். கரும்பு தின்னக் கூலியான்னு நான் கேலி பண்ணுவேன்.

புரியலன்னு சொன்னா விடமாட்டா அவ. என் தையல் மிஷினக் காட்டிப் புரிய வெச்சா. எங்க வீட்டுல ஒரே ரூம்தான். அதுல நீளமா ஒரு பலகை, பலகை மேல ரெண்டு மிஷின், மோட்டார் போட்டது. நான் ஒண்ணுல தைப்பேன், ஓரம் அடிக்க ஒரு அம்மா வருவாங்க, அவங்க இன்னொண்ணுல. அவங்க வேகமா மிதிச்சாங்கன்னா எம் மிஷின் ஆடும், எந் தையல் கோணிக்கும். எம் பொண்ணு சொன்னா, அம்மா, ஆட்டம் காத்துல வரல, பலகை வழியா வருது. போன்லயும் அப்படித்தான். ரெண்டு ஆண்டெனாவும் ஒரே தகட்டு மேல நிக்குது, அந்தத் தகடு வழியாத்தான் ஒண்ணோடது இன்னொண்ணுக்கு ஓடுது. பலகைய நடுவுல அறுத்துட்டா? அறுத்தா ரெண்டா உடைஞ்சிடும்டி, இன்னும் ரெண்டு காலு யாரு வாங்கிப் போடறதுன்னு கேட்டேன். முழுசா அறுக்க வேணாம்மா, பாதி வரைக்கும் அறுத்தாப் போதும், ஆட்டம் சுத்திப் போறதுக்குள்ள அடங்கிடும்னா. அதான் அந்த வெட்டு.

ஸ்க்ரூ எல்லாம் ஒரே அளவு இல்ல போலிருக்கே. நீங்க வரிசையா அந்தக் காந்தத்து மேல வெக்கறது நல்லா இருக்கு. நான் ஊசிக்கு அப்படித்தான் வெச்சிருக்கேன்.

வெட்டு நேரா இருந்தா நீளம் வேணும். போன்ல எடம் ஏது? அதனால பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு வெட்டணும். அத வெட்டற மிஷின் ஆபீஸ்ல ஒண்ணே ஒண்ணு, அதுக்கு எப்பவும் ஆள் காத்துக்கிட்டு நிப்பாங்களாம். எம் பொண்ணுக்குக் காத்திருக்கறதுன்னா வேப்பங்காய். செம்புத் தகட்ட, பேப்பர் மாதிரி மெல்லிசா இருக்கும், பின்னாடி பசை தடவினது, அத வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டா. ஒரு ஞாயித்துக்கிழமை நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், எம் பலகை மேல குந்திக்கிட்டு, என் துணிக் கத்திரியால செம்ப வெட்டிக்கிட்டு இருக்கா!

நீங்க சிரிக்கறீங்க. டெய்லர் கத்திரிய யாராவது தொட்டுப் பாருங்க, அப்பத் தெரியும். நான் பேப்பர் வெட்டக்கூடத் தரமாட்டேன். கூரு முனைல பல்லு விழுந்துடுச்சு தம்பி! இத்துனூண்டு பள்ளம். அடிப்பாவி, என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேன்னு கத்தினேன். அவ என்னைக் கண்டுக்கவே இல்ல. வெட்டினத வெளக்கு முன்னாடி தூக்கிப் பிடிச்சுப் பாத்துக்கிட்டே, அம்மா, நகரு, நெழலு விழுதுங்கறா.

மறுநாள் சாயங்காலம் ஓடி வந்தா. அம்மா, முழுங்கற கணக்கு மைனஸ் இருவத்தஞ்சு! இத்தனை நாளா மைனஸ் பன்னண்டுலயே நின்னுச்சும்மா! மைனஸ்னா நஷ்டந்தானேடி, அதுக்கா இந்தக் குதின்னு கேட்டேன். அவங்க தொழில்ல எவ்வளவுக்கெவ்வளவு கீழ போகுதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லதாம். நல்ல தொழில்டி இது, எங்களுக்கெல்லாம் இந்த வழி தெரியாமப் போச்சேன்னேன்.

ஆனா பாருங்க, அதே வெட்ட ஆபீஸ் மிஷின்ல சுத்தமா, அழகா வெட்டிப் பாத்தா, வரல. மறுபடி பழைய மாதிரியே முழுங்குது. வயரு தப்பா, அளக்கற பொட்டி தப்பா, இவ தப்பான்னு மண்டையப் பிச்சுக்கிட்டா. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து ஸ்பூனால தட்டுல பாம்பு பாம்பா கோடு போட்டுக்கிட்டு இருப்பா. கடைசில ரெண்டையும் லென்ஸ் வெச்சு ஒண்ணு பக்கத்துல ஒண்ணு பாத்திருக்கா. வீட்டுல வெட்டினதுல, வெட்டு முடியற எடத்துல ஒரு குட்டிப் பல்லு. எங் கத்திரில விழுந்த பள்ளம், அப்படியே செம்புல பதிஞ்சிருக்கு. அந்தப் பல்லுதான் கணக்கச் சரி பண்ணியிருக்கு!

அம்மா, கத்திரி எங்கன்னு ஓடி வந்தா. நான் அதத்தான் சாணை பிடிக்கக் குடுத்துட்டேனே. பளபளன்னு வந்துடுச்சு, பள்ளமே இல்ல. அவ தலைல கை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அப்புறம் அந்தச் செம்புத் துண்டுலயே பல்ல அளந்து, படத்துல வரைஞ்சு குடுத்தா. கூட வேலை பாக்கறவங்க, இது என்ன, எலி கடிச்ச மாதிரி ஒரு பல்லுன்னு கேட்டாங்களாம். எங்கம்மா கத்திரின்னு சொன்னாளாம். சபையில சொல்லியிருக்கா தம்பி, பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி.

நானும் அவளும் மட்டும்தான். அவங்கப்பா வேற வீடு பாத்துக்கிட்டுப் போயாச்சு, அந்தக் கத இப்ப வேணாம். ஒரே ரூம்ல ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு பேருக்கும் வாய் ஓயாது. நான் பிளவுஸுக்குக் கூலி தராத வாடிக்கையத் திட்டிக்கிட்டு இருப்பேன், அவ அதே நேரத்துல ஆண்டெனாவப் பத்திப் பேசிக்கிட்டு இருப்பா. யாரு யார் பேச்சக் கேட்டோம்னு கேட்டா, தெரியாது. ஆனா நான் திட்டின வாடிக்கை பேரு அவளுக்குத் தெரியும், எனக்கு மைனஸ் இருவத்தஞ்சு தெரியும். எப்படியோ உள்ள போயிருக்கு.

சந்தேகம் என்னன்னா தம்பி, இந்த மாடல்ல அவ வெட்டு இருக்கா இல்லையான்னுதான். அவகூட வேலை பாக்கற ஒரு பொண்ணு, கண்ணாடிக்காரின்னு நாங்க சொல்லுவோம், அவ வீட்டுக்கு வந்தப்போ சொன்னா, ஆன்ட்டி, அந்தப் பல்லோடயே வருது, பாருங்கன்னு. அவங்க மேனேஜர் வந்தப்போ கேட்டேன். கடைசி நேரத்துல நெறைய மாத்தினோம்மா, சரியா ஞாபகம் இல்லன்னாரு. கண்ணாடிக்காரி நல்ல பொண்ணு. எம் மனசு ஆறட்டும்னு சொல்லியிருப்பாளோன்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்பு வந்ததுலேர்ந்து ஊசில நூல் கோக்க முடியல. கத்திரில பல்லு போச்சு, செம்புத் துண்டு ஆபீஸ்ல எந்த அலமாரில கெடக்கோ. எங்கயாவது இருந்தா இதுக்குள்ளதான் இருக்கணும்.

வந்துடுச்சா மூடி? ஓ, அது ஸ்பீக்கரா. அதையும் எடுக்கணுமா. எடுங்க எடுங்க.

இதுவா? இந்தச் செம்பு நெறத்துல வளைஞ்சு வளைஞ்சு போகுதே, இதா? கடவுளே. பாம்புதான். ஆனா பாம்பு யாரு வேணா போடலாம் தம்பி, முனையப் பாக்கணும், முனைய. எனக்குக் கண்ணு கலங்குது, ஒண்ணும் தெரியல. அந்த லென்ஸ நீங்களே பிடிங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. அந்த ஓரத்துல. பல்லு இருக்கா?

இருக்கா?

நகருங்க, நானே பாக்கறேன்.

இருக்கு. சாணைக்காரன் தேச்சுட்டான்னு நெனச்சேனே, இங்க வந்து உக்காந்திருக்கு. எங் கத்திரிதான் தம்பி. அவ கைதான்.

போட்டோவா? வேணாம் தம்பி. அவளுக்கு அனுப்பணுமேன்னு நீங்க நெனக்கறீங்க. இந்த போன் கடைக்கு வர்றதுக்குள்ள அவ போயிட்டா. காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரில சேத்தேன். நாலு நாள்ல வந்துடலாம், ஆபீஸ் போறதுக்கு அந்த நீலச் சட்டைக்கு பட்டன் மட்டும் வெச்சுடும்மான்னா. பட்டன் வெச்சுட்டேன். சட்டை ஆணியிலயே தொங்குது.

தண்ணி வேணாம், உக்காருங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். ஒண்ணே ஒண்ணு தோணுது. பக்கத்துல இருக்கறது முழுங்கறது அத்தனையும் வீண்மா, வெளிய போகணும், அதான் நல்லதுன்னு அவ சொல்லுவா. போன்ல அப்படித்தான் போல. வீட்டுல நான் பேசினதுல பாதிய அவதான் முழுங்குவா. இப்ப ஒண்ணும் குறையறதில்ல, எல்லாம் வெளியதான் போகுது. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க கிட்ட, காய்க்காரம்மா கிட்ட, இதோ காலைலேர்ந்து உங்க கிட்ட.

சரி, மூடிடுங்க தம்பி. பாத்து, அந்தப் பல்லு மேல கை பட்டுடாம.