உபதேசியார் சொன்ன உள்ளான்

உள்ளான் கறிக்கு மொளகு கொஞ்சம் தூக்கலா போடணும் அய்யா. என் தங்கச்சி வியாகுலத்தோட கைப்பக்குவம் அது. எண்ணூர் கழியோரம் நீட்டு மூக்கால சேத்தைக் குத்திகினு மேயுமே, அந்தப் பறவைதான். வெள்ளைக்காரத் தொரைங்க அதைச் சுடறதுக்குன்னே வருவாங்க. வழி காட்டறது நான். சீமைக்குப் போறப்ப ஒரு தொரை துப்பாக்கிய எனக்கே குடுத்துட்டார்.

அப்பால மியூசியத்து ஆபீசர் ஒருத்தர் வந்தார். மூக்கை அளப்பார், காலுல சீட்டு கட்டுவார். "இன்னாசி, நீ உள்ளான்னு சொல்றது ஒண்ணு இல்லப்பா, பத்துப் பதினஞ்சு ஜாதி"ன்னார். எனக்கு சிரிப்புதான் வந்துச்சி. எங்களுக்கு எல்லாமே உள்ளான். ஐப்பசில வரும், பங்குனியோட கெளம்பிடும்.

ஆத்தா செத்தப்பறம் எனக்கு சோறு போட்டது வியாகுலம்தான். கட்டிக்குடுத்தும் மாப்பிள ஞானதுரை எங்க வூட்டோட இருந்தான். நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. பொன்மலை ரயில்வேல வேலை கெடச்சிடுச்சி, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் ரெண்டு பேரும் கெளம்பறோம்னான். வேணாம்பான்னேன். கால்ல வுழாத கொறையா கெஞ்சினேன். சிரிச்சிகினே போயிட்டான். நான் இன்னா பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க.

சனிக்கெழமை காலையில அவன் நண்டு புடிக்கக் கோரைக்குள்ள எறங்கினான். நான் கரையில நின்னேன், கையில துப்பாக்கி. அவனுக்கு ஞானஸ்நானச் சீட்டு குடுக்கணும்னு உபதேசியார் அம்புரோஸ் தேடிகினு வந்தார். கோயில்ல பேசற செந்தமிழ்தான் அவருக்கு ரோட்டுலயும். கோரை அசையறதைப் பாத்து, "அதோ உள்ளான்"னு கையைக் காட்டினார்.

சுட்டேன்.

பறவையச் சொல்றார்னு நெனச்சிட்டேன்னு வாக்குமூலம் குடுத்தேன். "என் நாக்குதான் அவனைக் கொன்றது"ன்னு உபதேசியாரே வந்து அழுதார். கேஸை மூடிட்டு துப்பாக்கியயும் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவர் இப்ப யார்கூடவும் பேசறதில்ல. பாவம், நல்ல மனுஷன்.

அடக்கம் முடிஞ்சி வந்து வியாகுலம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. "ஆடி மாசத்துல ஏது அண்ணாத்தே உள்ளான்?"

அதுக்கப்பறம் மூணு மாசமா அவ என்கூட ஒரு வார்த்தை பேசல. அது தாங்காமதான் அய்யா வந்தேன். தெரிஞ்சேதான் சுட்டேன், எழுதிக்கங்க.

ஆனா ஒண்ணு. அவ வூட்டை வுட்டு எங்கயும் போகல. ஐப்பசி பொறந்துடுச்சே, நேத்து அதே துப்பாக்கியால ரெண்டு உள்ளான் சுட்டாந்தேன். மொளகு தூக்கலா போட்டு வறுத்து வெச்சா. பாசம் இல்லாமலா அய்யா அப்படி வெப்பா?