நீல நைலான் கயிறு

முதலில் ஒரு சின்ன விஷயம், மேடம். இந்த ஸ்டேஷன் சுவருக்குக் கீழ்ப்பாதி பச்சை, மேல்பாதி ரோஸ் என்று அடித்தவர் யாராக இருந்தாலும் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதைப் பார்த்தபடி உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வராது என்றேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ள அனுமதித்தீர்கள். ரைட்டரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நானே எழுதித் தருகிறேன் என்றதற்கும் சம்மதித்தீர்கள். இன்ஸ்பெக்டர் செந்தமிழ்ச்செல்விக்கு ரசனை இருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். ஆகவே நடந்ததை மறைக்காமல், இரண்டு பக்கமும் ஓரம் விட்டு, நேர் வரியில் எழுதுகிறேன்.

என் பெயர் கலையரசன். வயது நாற்பத்தொன்று. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி, கருமாதி எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ஒரு காதுகுத்து பேனரில் அறுபத்துமூன்று தலைகளைப் போடச் சொன்ன தாய்மாமனையும் பார்த்திருக்கிறேன். காது குத்திக்கொள்ளும் குழந்தைக்கு இடமில்லை. கடைசியில் மூலையில் பாயும் புலிக்குக் கீழே சொருகினேன். இப்படிப் பத்தொன்பது வருஷம் இந்த ஊரின் கண்ணைக் கெடுத்ததற்குப் பரிகாரமாகத்தான் ‘வெற்றுச்சுவர்’ என்று ஒரு வலைப்பூ ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வீடு, தோட்டம், பழைய கதவு, கோயில் படிக்கட்டு என்று அழகு எங்கே இருந்தாலும் போய்ப் படம் எடுத்து எழுதுவேன். ஆனால் நம் பக்கத்தில் அழகு தனியாக இருக்காது. ஏதாவது ஒரு கண்றாவி அதன் மடியில் உட்கார்ந்திருக்கும். அதை மட்டும் எடுத்துவிட்டால் போதும். நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, ரிஷிவந்தியம் பக்கம் பொன்னுரங்கம் என்ற விவசாயி வீட்டுப் பூசணிப் பந்தல். பார்த்தால் விட்டு வர மனசு வராது. அதன் நட்டநடுவில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு திருஷ்டி பொம்மை. அவர் மோர் எடுத்துவர உள்ளே போன நேரத்தில் பொம்மையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த மாதம் அவருடைய பம்புசெட் மோட்டார் எரிந்துவிட்டதாம். அதற்கு நான் பொறுப்பில்லை, நம் ஊர் வோல்டேஜ் அப்படி.

சின்னசேலத்தில் தேவிப்ரியா என்று ஒரு சக வலைப்பதிவர். மாடித்தோட்டம் பற்றி எழுதுபவர். அவர் மாடியில் முப்பது தொட்டியும் வெள்ளைப் பூ. நடுவில் யாரோ கொடுத்தார்கள் என்று ஒரே ஒரு செண்டுமல்லி, ஆரஞ்சு நிறத்தில். அவர் கொடுத்த டீயை, நல்ல சூடாக இருக்கும்போதே, அதன் வேரில் ஊற்றினேன். செடி செத்ததற்கு அவர் உருக்கமாக ஒரு பதிவு போட்டார். நானும் போய்க் கண்ணீர் பொம்மை போட்டுவிட்டு வந்தேன்.

இந்தத் தேவிப்ரியாதான் எனக்கு ஜெனிபரை அறிமுகம் செய்தார். ஜெனிபர் கள்ளக்குறிச்சியில் ஒரு பேங்கில் வேலை செய்கிற பெண். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வெள்ளிமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அம்மாவின் தோட்டத்தைப் பற்றி ‘மலையோரம்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மூன்று பதிவர்களும் அங்கேயே சந்திப்பது என்று முடிவாயிற்று.

அம்மாவின் பெயர் உபகாரமேரி. மலைப்பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே டீச்சரம்மா. சர்க்கரை வியாதியில் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணும் போய்விட்டது. அதற்கப்புறம்தான் தோட்டமே போட்டாராம். மரிக்கொழுந்து, புதினா, திருநீற்றுப் பச்சிலை, நாட்டு ரோஜா என்று எல்லாம் மோந்து மோந்து வைத்தவை. நிறத்தைப் பற்றி ஒரு யோசனையும் இல்லாமல் வைத்த தோட்டம், நான் பார்த்த தோட்டங்களிலேயே அழகாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்று எழுதினால் அடிக்கோடு போடுவீர்கள். போட்டுக்கொள்ளுங்கள், ஸ்கேல் வைத்துப் போடுங்கள்.

அந்தத் தோட்டத்தின் குறுக்கே, பின்வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும், இடுப்பு உயரத்தில் ஒரு நீல நைலான் கயிறு. லாரியில் தார்ப்பாய் கட்டுவார்களே, அதே கயிறு. சவுக்குக் குச்சிகளில் விறைப்பாகக் கட்டி, வழியெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. ஜெனிபர் கட்டிக்கொடுத்தது. டீச்சரம்மா அதைத் தடவிக்கொண்டே எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

“ஒத்த முடிச்சு வந்தா புதினா பாத்தி தம்பி. ரெண்டு முடிச்சுன்னா படி. மூணு முடிச்சு வந்தா அதோட நின்னுடணும். மூணு முடிச்சு வுழுந்தப்புறம் பொம்பள எங்க போறது?” என்று சொல்லி அவரே சிரித்தார். “தொட்டியத் தாண்டி நாலு எட்டு வெச்சா செவுரு கூட கெடையாது. கீழ வெறும் பாறதான்.”

எட்டிப் பார்த்தேன். மூன்று ஆள் உயரம் இருக்கும்.

தேவிப்ரியா தான் கொண்டுவந்திருந்த கடுகு மஞ்சள் சால்வையை டீச்சரம்மாவுக்குப் போர்த்திவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிட்டார். காலைப் பனியைப் படம் எடுக்கவேண்டும் என்று சொல்லி நான் தங்கிக்கொண்டேன். சாமைச் சோறு போட்டார்கள். சாப்பிடும்போது, நைலானுக்குப் பதிலாகத் தேங்காய் நார்க்கயிறு கட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்குமே என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

“நாரு மழையில இத்துப்பூடும்ங்க,” என்றாள் ஜெனிபர். “வாரத்துல அஞ்சு நாளு நான் இங்க இல்ல. அம்மா உசுரே அந்தக் கவுத்துலதான் இருக்குது.”

“தம்பிக்கு எங் கவுறு புடிக்கலையாட்டம் கீது,” என்றார் டீச்சரம்மா. “இன்னா கலருடி அது?”

“நீலம்மா.”

“நீலமா? மாதா கட்டிக்கினு இருக்கற கலருதான? அதுக்கு இன்னா கொறச்சலு?”

நான் வாதம் செய்யவில்லை. மாதாவோடு போட்டி போட முடியாது. பிறகு டீச்சரம்மா, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு ரோஜா பறிக்கணும், ஆறரைக்கே தோட்டத்துக்குப் போய்விடுவேன் என்று பொதுவாகச் சொன்னார். எல்லோரும் படுத்தோம்.

விடிந்தும் விடியாமல் எழுந்து வந்தேன். பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. அந்தப் பனிக்கு முன்னால் அந்த நீலக் கோடு. உண்மையாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. கயிற்றை எடுத்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. எடுத்துவிட்டால் அந்த அம்மா எப்படி நடப்பார்? நான் அவ்வளவு மோசமானவன் இல்லை. இடத்தை மட்டும் மாற்றினேன். தோட்டத்தை வெட்டிக்கொண்டு போகாமல், மலை விளிம்பை ஒட்டி மெதுவாக வளைந்து போய், தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி விளிம்பிலேயே முடியும்படி குச்சிகளைப் பிடுங்கி நட்டேன். மண் ஈரமாக இருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது.

ஒரு சிக்கல் வந்தது. நேர்கோட்டை வளைத்தால் நீளம் ஜாஸ்தி வேண்டும். கயிறு ஏழடி கம்மி. கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒவ்வொரு முடிச்சும் நாலு விரல் கயிற்றைத் தின்றுகொண்டிருந்தது. மொத்தம் முப்பத்தொரு முடிச்சு. எல்லாவற்றையும் அவிழ்த்தேன். சரியாகப் பொருந்தியது. அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்த நிம்மதியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கணக்கே அந்தக் கயிற்றுக்குள் எனக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

கடைசி மூன்று முடிச்சையுமா அவிழ்த்தாய் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள், மேடம். முதலில் அவிழ்த்ததே அவற்றைத்தான். ரொம்ப அசிங்கமாக இருந்தவை அவைதான்.

டீச்சரம்மா விழுந்தார். ஜெனிபர் கத்திக்கொண்டே பாறைக்கு ஓடினாள். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து தூக்கினார்கள். அந்தப் பனியிலும் பதற்றத்திலும் கயிறு எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். முந்தின நாள் சாயங்காலம் எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து, குச்சிகளைப் பழைய குழியிலேயே நட்டு, முப்பத்தொரு முடிச்சையும் போட்டேன். ஒவ்வொரு முடிச்சு போடும்போதும் கயிறு வளைந்து போன தடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு நல்ல வளைவை நானே கலைக்கவேண்டி வந்துவிட்டதே.

கண் தெரியாதவர், பனி, பாறை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முடிச்சை இறுக்காமல் விட்டுவிட்டேனோ, எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று ஜெனிபர் மாத்திரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உன்மேல் துளிகூடத் தப்பில்லை என்று அவளுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். அது சத்தியமான வார்த்தை. எனக்குப் பொய் பேசும் பழக்கமில்லை.

அஞ்சலி பேனரையும் நானே அடித்தேன். ரோஜா இல்லை, புறா இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. வெள்ளைப் பின்னணி, ஓரத்தில் சின்னதாக முகம், சின்ன எழுத்தில் பெயர். ஜெனிபரின் தாய்மாமன் வந்து, “இன்னாபா, காசு குடுத்தாதான் மூஞ்சியப் பெருசா போடுவியா?” என்று சத்தம் போட்டார். எந்தப் பேனரிலும் இந்தத் தாய்மாமன்களோடு பெரிய ரோதனை.

மூன்று மாதம் பொறுத்தேன். கடையில் அறுபது தலை, எழுபது தலை என்று ஒட்டிக்கொண்டிருக்கும்போது, கம்ப்யூட்டருக்குள் கயிறு நேராக ஓடிய படம், வளைந்து ஓடிய படம் இரண்டும் யாரும் பார்க்காமல் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பதிவர் கூட்டத்தில் ‘முன் – பின்’ என்றால் உயிர். அழுக்குச் சமையலறை, அதே சமையலறை சுத்தமாக. பாழ் வராந்தா, அதே வராந்தா தொட்டியோடு. இப்படி ஒரு முன்–பின் வாழ்க்கையில் ஒரு தடவைதான் அமையும். அதைப் பூட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை. ‘ஒரு மலைத்தோட்டம், ஒரே ஒரு மாற்றம்’ என்று தலைப்புக் கொடுத்துப் போட்டேன்.

தேவிப்ரியா வழக்கம்போல முதல் ஆளாக வந்து ‘சூப்பர்ங்க’ என்றார். பத்து நிமிஷத்தில் அதை அழித்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

“ரெண்டாவது படத்துல தூரத்துல போறது டீச்சரம்மாதான?”

“ஆமாங்க. இடம் எவ்வளவு பெரிசுன்னு தெரிய ஒரு ஆள் வேணும் இல்ல?”

“அந்த சால்வ நான் சனிக்கெழம சாயங்காலம் குடுத்ததுங்க. ஞாயித்துக்கெழம காலையிலேயே அவங்க செத்துட்டாங்களே. இந்தப் படத்த நீங்க எப்ப எடுத்தீங்க?”

“அந்தப் பனிக்குக் கடுகு மஞ்சள் எவ்வளவு பொருத்தமா இருக்குது பாத்தீங்களா?” என்றேன். போனை வைத்துவிட்டார். நேராக உங்களிடம் வந்திருக்கிறார். நான் பாராட்டியது அவருடைய தேர்வைத்தான் என்பதுகூட அவருக்குப் புரியவில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஆறரைக்கு அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். படத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதால்தான் ஆறேகாலுக்குள் வேலையை முடித்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டுக் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பின்வாசலைத் திறந்து, ஏதோ மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்தார். பிடித்தபடி வளைவோடு நடந்தார். ஒரு தடவைகூடக் கயிற்றைச் சந்தேகப்படவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்று கையால் தேடிப் பார்த்தார். கடைசிக் குச்சிக்கு வந்ததும் முன்னும் பின்னும் தடவினார்.

“ஜெனிபரு, முடிச்சு எங்கடி?” என்றார்.

எனக்கும் அவருக்கும் பத்தடிதான் இருக்கும். மூச்சைக் கட்டிக்கொண்டேன். மூச்சு விட்டால் கை ஆடும். அவர் கயிற்றைப் பிடித்ததிலிருந்து மொத்தம் பதினொரு படம் எடுத்தேன். ஏழாவதுதான் நீங்கள் பார்த்தது. பதினொன்றாவதில் அவர் இல்லை.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். கொடுத்திருந்தால் என் பக்கம் திரும்பியிருப்பார், வளைவே கெட்டுப் போயிருக்கும். அந்த அம்மாவைக் கொன்றது நான்தான் என்று எழுதச் சொல்கிறீர்கள். எழுதிவிட்டேன், கையெழுத்தும் கீழே இருக்கிறது. ஆனால் ஃபைலில் படம் இணைப்பதாக இருந்தால் முதல் படத்தை வைக்காதீர்கள், மேடம். இரண்டாவதை வையுங்கள். அதில்தான் கயிறு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.