மாத்து ஆள்

மாலுமி: ...கையை எடு மச்சான். என் பையை நானே தூக்கிக்கிறேன்.

ஏஜெண்டு: கொஞ்சம் பொறுங்க அத்தான். மாத்து ஆள் மேலே ஏறாம நீங்க கப்பலை விட்டு இறங்க முடியாது.

மாலுமி: இதையேதான் போன துறைமுகத்துலயும் சொன்னே. அதுக்கு முந்துன துறைமுகத்துலயும் சொன்னே. கப்பலுக்கு ஆள் மாத்தி விடுறதுதானே உன் பொழப்பு? அக்கா புருஷன்னா மட்டும் கசக்குதா?

ஏஜெண்டு: அக்கா புருஷன்ங்கறதாலதான் வாயை மூடிட்டு நிக்கிறேன். வேற எவனாவது இப்படிப் பேசியிருந்தா...

மாலுமி: என்ன பண்ணியிருப்பே?

ஏஜெண்டு: டீ வாங்கிக் குடுத்திருப்பேன். எல்லாரும்தான் திட்டுறாங்க.

மாலுமி: இளிக்காதே. வயிறு எரியுது எனக்கு. அங்கே என் பொண்ணுக்குப் பிரசவம் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு.

ஏஜெண்டு: தெரியும். நேத்துகூடப் பேசினா. அப்பா வந்தாத்தான் ஆச்சுன்னு ஒரே அழுகை.

மாலுமி: அப்புறம் எதுக்கு இந்த இழுபறி? எங்கே உன் ஆளு?

ஏஜெண்டு: கீழே... வேன்லதான். துறைமுக கேட்ல பாஸ்போர்ட்டுக்கு முத்திரை எல்லாம் போட்டாச்சு. நீங்க வேலையை ஒப்படைச்சாச்சா?

மாலுமி: ஒப்படைக்க என்ன கிடக்கு? எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு கேப்டன்கிட்ட சொல்லிட்டேன்.

ஏஜெண்டு: வர்ற ஆளுக்கு ஒரு தடவை சுத்திக் காட்ட வேணாமா?

மாலுமி: கண்ணு இருக்குல்ல, பாத்துக்குவான். யாரு அவன், புதுசா?

ஏஜெண்டு: சேச்சே... நல்லா வேலை தெரிஞ்சவரு.

மாலுமி: தெரிஞ்ச...வரா? மாத்து ஆளை என்னைக்குடா நீ 'அவரு இவரு'ன்னு சொல்லியிருக்கே?

ஏஜெண்டு: வாய் தவறி வந்துருச்சு...

மாலுமி: மூஞ்சியைப் பாத்துப் பேசு. யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே?

ஏஜெண்டு: சொல்றதை முழுசாக் கேளுங்க அத்தான். மூணு பேரைப் பிடிச்சேன். இந்த ஓட்டைக் கப்பல் பேரைக் கேட்டதும் மூணு பேரும் நைசாக் கழண்டுக்கிட்டாங்க. நானும் எத்தனை பேர் கால்லதான்...

மாலுமி: இரு. வேன்லேர்ந்து இறங்கறது... மாப்பிள்ளையா?

ஏஜெண்டு: அவராத்தான் கேட்டாரு. மாமாவை இறக்க வேற வழியில்லன்னா நான் ஏறிக்கிறேன்னாரு. உங்க பொண்ணுக்கும் தெரியும். உங்ககிட்ட மட்டும்தான் சொல்லல.

மாலுமி: புள்ளை பெறப்போறவ புருஷனைப் பிரிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கியே... தாய்மாமனாடா நீ?

ஏஜெண்டு: தாய்மாமன்தான். அதான் அவ அழுதா தாங்க முடியல. போன்ல நீங்க கத்துறதும் எனக்குத்தான், அங்கே அவ அழறதும் எனக்குத்தான். நான் என்ன கல்லா? வீட்டுக்குப் போய் உக்காந்து ஆற அமரத் திட்டுங்க. இப்ப வழி விடுங்க, அவரு ஏணிகிட்ட வந்துட்டாரு.

மாலுமி: ஏற வேணாம்னு சொல்லு.

ஏஜெண்டு: கோவத்துல காரியத்தைக் கெடுக்காதீங்க.

மாலுமி: அவரை ஏத்தாதே. நானே இருந்துக்கிறேன். பையை உள்ளே வை.

ஏஜெண்டு: என்ன அத்தான் விளையாடறீங்களா? எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க?

மாலுமி: ஆபத்துல தப்பிக்கிற படகு இருக்குல்ல... அதைத் தாங்குற கொக்கி அரிச்சுப் போச்சு மச்சான். வெளியே சொன்னா அதைச் சரி பண்ணாம என்னை இறக்க மாட்டாங்க. துருவைக்கூடச் சுரண்டாம நான்தான் மேலே பெயிண்ட் அடிச்சு மூடினேன்... ஏறப்போறவன் எவனோ ஒருத்தன்தானேன்னு இருந்துட்டேன்.