ஆற்றுக்குள் நாற்காலி

கிள்ளான் போகும் கொமூட்டர் ரயிலில், மடியில் காய்கறிப் பையோடு எதிரே இருந்த அக்கா பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னார்.

“நாளைக்குக் காலையில கோயில் பின்னாடி ஆத்துக்குள்ள நாற்காலி போட்டு உக்காரப் போறேன்.”

“எதுக்குக்கா?”

“லோரிக்காரனுங்க மண்ணு கொட்டி மூடப் பாக்குறானுங்க. ஆளு மேலயா கொட்டுவான்?”

“அது சின்ன ஓடைதானே லா! திருவிழாவுக்குப் பைப்புத் தண்ணியில கரகம் எடுத்துக்கலாம்னு கோயில் கமிட்டியே சொல்லிருச்சு.”

“பைப்படிக்கு அம்மன் வருவாளா? நான் எடுத்த கரகம், நீ எடுத்த கரகம், எல்லாம் அந்தத் தண்ணிதான்.”

ரயில் ஷா ஆலம் ஸ்டேஷனைத் தாண்டியதும் பெண் அக்கா பக்கம் திரும்பினாள்.

“எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்குமா?”

“கோயில் நாற்காலி எல்லாத்தையும் மத்தியானமே தண்ணியில இறக்கியாச்சு. உக்கார ஆளுதான் வேணும்.”