வீட்டுக்குக் காய்ச்சல் இல்லை

செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் அவருடைய நாத்தனாரும் இருந்தார்கள்.

“எங்க வீட்டுக்குக் காய்ச்சலே இல்லன்னு எழுதிட்டாரு” என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னபோதுதான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“வீட்டுக்கா மதினி?”

“ஆமாடி. சர்க்காரு கட்டிக் குடுத்த வீட்டுக்குள்ள வெக்கை எம்புட்டுன்னு காலேஜு வாத்தியாரு ஒருத்தரு ஆராய்ச்சி பண்றாரு. காய்ச்சல் பாக்குற குச்சியாட்டம் ஒண்ணைச் சுவத்துல மாட்டிப் பாத்தாரு. ஆளு வாராருன்னு நான் தரையெல்லாம் தண்ணி தெளிச்சு, கூரை மேலயும் நாலு குடம் ஊத்தி வச்சிருந்தேன்.”

“அதை எழுதிக்கிட்டுப் போயி என்ன செய்வாராம்?”

“பக்கம் பக்கமாக் கணக்குப் போட்டு, அடுத்துக் கட்டுற வீட்டுக்குக் கூரை எம்புட்டு உசரம் வேணும்னு சர்க்காருக்குச் சொல்லுவாராம்.”

“அடுத்துக் கட்டப்போறது என் வீட்டைத்தான மதினி! நீங்க ஊத்துன நாலு குடத்துக்கு நான் காலம்பூரா வேகணுமா?”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“வாங்க, காலேஜுகிட்ட இறங்கிச் சொல்லிருவோம்.”

“ஏன்டி, என் வீட்டுக்குக் காய்ச்சல்னு நானே எப்பிடிச் சொல்லுவேன்?”

“நான் சொல்லுறேன். நீங்க சும்மா வேர்த்துக்கிட்டு நில்லுங்க.”