இரண்டாவது ரவுண்டு

உங்கள் மேஜையில் ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் சார். எழுதும்போது ஆடுகிறது. ஒரு தாளை நாலாக மடித்து அடியில் செருகினால் போதும். தப்பாக நினைக்காதீர்கள், பழக்கதோஷம். இருபத்திரண்டு வருடமாகத் தராசு ரிப்பேர் செய்கிறவன் நான். மட்டமில்லாத எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். அந்தச் சுவர்க் கடிகாரம் சரியான நேரம்தானே காட்டுகிறது? ஐந்தே கால். நல்லது. நேரம் இருக்கிறது, நிதானமாகச் சொல்கிறேன்.

தராசு என் பிழைப்பு. கூண்டுச் சண்டை என் பைத்தியம். இரண்டு பேரைக் கம்பிவலைக்குள் விட்டு, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாவற்றையும் கலந்து மோதவிடுகிறார்களே, அதுதான். யார் ஜெயிப்பார், எந்த ரவுண்டில் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே கணித்து ஒரு இணையதளத்தில் எழுதுவேன். படிப்பவர்கள் பதினான்காயிரம் பேர். நான் ஒரு பைசா பந்தயம் கட்டியதில்லை. கணிப்பது மட்டும்தான். அதற்காக ஒவ்வொரு சண்டைக்காரனின் கை நீளம், முழங்கால் காயம், எந்தப் பக்கம் சாய்ந்து மூச்சு வாங்குகிறான் என்பது வரைக்கும் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பதினொரு நோட்டு.

கடைசியாக நான் கணித்த இருபத்தாறு சண்டைகளில் இருபத்தாறும் தப்பு.

சிரிக்கலாம், சார், பரவாயில்லை. என் பெண்டாட்டியே சிரித்திருக்கிறாள். ஒரு காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வரும். நான் காசுக்கும் கேவலம். கருநாக்குக்காரன் சொன்னால் பலிக்கும் என்பார்கள். எனக்கு வாய்த்தது வெறும் சதை. எனக்குத் 'தலைகீழார்' என்று பெயர் வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கணிப்பு எப்போது வரும் என்று காத்திருந்து, வந்ததும் அதற்கு நேர் எதிராகப் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு முடிவெட்டுகிறவர் ஒருநாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க புண்ணியத்துலதாங்க என் பொண்ணுக்கு சைக்கிள் வாங்கினேன். இன்னும் ரெண்டு சண்டை எழுதுங்க, ஃபேனும் மாட்டிடுறேன்."

பாதி முடியோடு உட்கார்ந்துகொண்டு என்ன பதில் சொல்வது? எழுதுகிறேன் என்றேன்.

என் தங்கையின் புருஷன் ஒரு சண்டைக்காரர். எழுபது கிலோ பிரிவு. எனக்கு மாப்பிள்ளை; அவருக்கு நான் மச்சான். தங்கமான மனிதர். கூண்டுக்குள் அடுத்தவன் மூக்கை உடைத்துவிட்டு, வெளியே வந்து அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். அவர் பயிற்சி எடுக்கும் கூடத்தில் எடை பார்ப்பது என் பொறுப்பு. தொழில்காரன் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அடுத்து வரவிருந்த சண்டையை ஜெயித்தால், அதற்கப்புறம் சாம்பியன் பெல்ட்டுக்கான சண்டை.

சண்டைக்கு மூன்று வாரம் முன்னால் தங்கை வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அவரு தோத்துடுவாருன்னு எழுதுங்கண்ணே."

"ஏம்மா?"

"நீங்க எழுதினா அதுக்கு நேர்மாறாத்தானே நடக்கும்? எனக்காக. ஒரே ஒரு தடவை."

கூடப்பிறந்தவள் கண்ணில் தண்ணீரோடு கேட்கும்போது மறுக்க எனக்கு மனசு வராது. நான் இளகின மனசுக்காரன், அதை எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே உட்கார்ந்தேன். சும்மா ஒப்புக்கு எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் நோட்டைப் புரட்டப் புரட்ட எனக்கே தெரிந்துவிட்டது: மாப்பிள்ளை தோற்கத்தான் போகிறார். எதிராளி மல்யுத்தக்காரன். மாப்பிள்ளைக்கு இடது முழங்கால் சரியில்லை. முதல் ரவுண்டைத் தாக்குப்பிடிப்பார், இரண்டாவதில் முடிந்துவிடும். இரண்டாவது ரவுண்டு என்று எழுதினேன். காரணங்களோடு நான்கு பக்கம். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான்.

அதைப் படித்துவிட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சார். கோச் அதை அச்செடுத்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். ஒருவன் அதற்கு மாலை போட்டான். மாப்பிள்ளை என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

"மச்சான், நீங்க எழுதிட்டீங்கல்ல, இனி பெல்ட்டு நம்மளுது. போய்த் தூங்குங்க."

நான்கு பக்கம். ஒருத்தராவது அந்த முழங்கால் பத்தியைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

அதற்கு அடுத்த நாள் கூடத்துத் தராசைத் திறந்து இரண்டரை கிலோ கூட்டிக் காட்டும்படி வைத்தேன். கால்மணி நேர வேலை.

உங்களுக்கு இது விளங்க வேண்டும். சண்டைக்காரர்கள் எல்லோருமே தங்கள் பிரிவைவிடக் கனமானவர்கள். எடை பார்க்கும் நாளுக்கு முந்தின வாரம் தண்ணீரைக் குறைத்து, கடைசி நாளில் அடியோடு நிறுத்தி, நீராவி அறையில் வியர்த்து வியர்த்து இறக்குவார்கள். அது எல்லோரும் செய்வதுதான். மாப்பிள்ளை அதற்கு மேல் இரண்டரை கிலோ இறக்கினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசி நாள் அவரைப் பிளாஸ்டிக் அங்கியில் சுற்றி உட்கார வைத்திருந்தோம். உதடு வெடித்துப் போயிருந்தது. அந்த நிலையிலும் கிண்டல் பண்ணினார்.

"மச்சான், உங்கள திட்டலாம்னு பாத்தா நாக்கு ஒட்டிக்குது."

"பேசாதீங்க மாப்பிள்ளை. ஈரம் வீணாகும்."

"ஒரே ஒரு ஐஸ் துண்டு. முழுங்க மாட்டேன், வாயில வச்சுட்டுத் துப்பிடுறேன்."

"இன்னும் ஒரு கிலோ முன்னூறு இருக்கே."

"ஆமா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

உண்மையில் அப்போதே அவர் எழுபதுக்குக் கீழே ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தார். அவர் நெற்றியை நான்தான் துடைத்துவிட்டேன். காய்ந்த துணியால். அவர் மேல் ஒரு நகக்கீறல்கூட நான் போட்டதில்லை.

மறுநாள் அதிகாரபூர்வ எடையில் அறுபத்தேழரை என்று காட்டியதும் கோச்சுக்கு முகம் மாறியது.

"எப்படிய்யா இவ்வளவு கம்மியா வருது?"

"கம்பளத்து மேல வச்சிருக்காங்க கோச். கம்பளம் அமுங்கும், தராசு குறைச்சுக் காட்டும்."

தராசுக்காரன் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? என் வாழ்நாளில் கூண்டுச் சண்டையைப் பற்றி நான் சொன்ன எதையும் அவர் நம்பியதில்லை. தராசைப் பற்றிச் சொன்னதை உடனே நம்பினார். அதுவே எனக்குக் கொஞ்சம் வலித்தது.

அதன்பிறகு மாப்பிள்ளை குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தது. பதற்றம் என்றார்கள். மறுநாள் கூண்டுக்குள் போனார். முதல் ரவுண்டைத் தாக்குப்பிடித்தார், நான் எழுதியபடியே. இரண்டாவதில் அவன் இவரைத் தரையோடு தரையாக வைத்து அடித்தான். மணி அடித்தது. எழுந்து நடந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இங்கேதான் எனக்கு அநியாயம் நடந்தது, சார். மூன்றாவது ரவுண்டுக்கு மணியே அடிக்கவில்லை. அடிக்காத ரவுண்டில் ஒருவர் எப்படித் தோற்க முடியும்? விதிப்படி அது இரண்டாவது ரவுண்டில் தோல்வி. ஆனால் இணையதளத்தை நடத்துகிறவன் 'மூன்றாவது ரவுண்டு' என்று போட்டு, என் கணிப்புக்குப் பக்கத்தில் 'பாதி சரி' என்று எழுதிவிட்டான். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான பேர்: 'குருட்டாம்போக்கில் பலித்துவிட்டது', 'தலைகீழாருக்கே தலைகீழ்'. எட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை.

மாப்பிள்ளைக்கு இரண்டு கிட்னியும் நின்றுவிட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறார். தங்கை வெளியே வராந்தாவில் நாற்காலியிலேயே கிடக்கிறாள். முந்தாநாள் நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, போன தடவ ஏதோ தவறிப் போச்சு. உங்க தப்பு இல்ல."

"சரிம்மா."

"இன்னொரு தடவ எழுதுங்கண்ணே. பொழைக்க மாட்டாருன்னு எழுதுங்க. நாள் போட்டு எழுதுங்க. நீங்க எழுதினா நடக்காதுண்ணே."

அவள் பார்க்கப் பார்க்கவே போனில் எழுதினேன். வெள்ளிக்கிழமையைத் தாண்ட மாட்டார் என்று. அவள் அதைப் படித்துவிட்டு, மூன்று நாளில் முதல் தடவையாக, சுவரில் சாய்ந்து தூங்கினாள்.

ஆமாம் சார், இன்றைக்கு வெள்ளிக்கிழமைதான்.

இன்று மத்தியானம் அங்கே போயிருந்தேன். அவர் படுத்திருக்கும் கட்டிலிலேயே எடை காட்டும் கருவி இருக்கிறது. அது நேற்றிலிருந்து தாறுமாறாகக் காட்டுகிறது என்று நர்ஸம்மா அலுத்துக்கொண்டார். கம்பெனி ஆள் திங்கட்கிழமைதான் வருவானாம். தங்கைதான் சொன்னாள், பெருமையாக: "எங்கண்ணன் தராசுக்காரருங்க. அவரு பாத்தா நிமிஷத்துல சரியாயிடும்."

பார்த்துக் கொடுத்தேன். இப்போது ஆடாமல் காட்டும். நான்கு கிலோ கூட்டிக் காட்டும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரை எடை பார்த்து, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினைப் போடுகிறார்கள். எடை எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரை உடம்பிலிருந்து எடுத்துவிடும். அவர் உடம்பில் இனி எடுப்பதற்குத் தண்ணீர் இல்லை. அது எனக்குத் தெரியும். அதனால்தான் நேராக இங்கே வந்தேன். என் தங்கை புருஷன், சார். சாகவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேனா? கெட்டவனாக இருந்தால் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பேனே.

மணி ஐந்தே முக்கால். ஆஸ்பத்திரி நம்பர் இந்தச் சீட்டில் இருக்கிறது. நீங்கள் ஒரு போன் போட்டால் போதும், மெஷினைப் போடாமல் நிறுத்திவிடுவார்கள்.

தருகிறேன், சார். இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். பதினைந்து நிமிஷம் இருக்கிறது, தாராளமாகப் போதும். முதலில் அந்தத் தாளில் இரண்டாவது ரவுண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.